தோத்தவுக பந்தி

அந்த வருடம் தோல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிச்சம் இருக்கும்போதே பஸ்ஸில் வந்து இறங்கியது.

ஒத்தக்கடை ஸ்டாப்பை ஒட்டி வெள்ளைத்துரையின் டீக்கடை. அதற்குப் பின்னால் இன்னாசியம்மாளின் வாடகை வீடு. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் நிற்பது தெரியும். இறங்குகிறவர்களின் முகம்கூடத் தெரியும். மில்லின் பூப்பந்து டீம் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அங்கேதான் வந்து இறங்கும். ஜெயித்தால் அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம் என்று பொழுது இழுத்துக்கொண்டு போகும். விளக்கு வைத்த பிறகு வருகிற பஸ்ஸில்தான் ஆட்கள் திரும்புவார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் மத்தியானத்தோடு ஜோலி முடிந்தது. வெயில் இறங்கு முன்னே மட்டையைத் துணி உறையில் போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவர்கள் மாதிரி இறங்குவார்கள்.

பொங்கலுக்கு ஆனையூரில் தோற்றார்கள். மாசியில் மேலூரில் தோற்றார்கள். சித்திரையில் நத்தத்துக்குப் போனார்கள். அங்கே எதிர் டீமில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகி, பாதி ஆட்டம் அவன் நொண்டிக்கொண்டே ஆடினான், அப்போதும் தோற்றார்கள். போன வருடம் வரை முன்வரிசையில் நின்ற இரண்டு நல்ல ஆட்டக்காரர்களைத் திண்டுக்கல் பக்கத்து மில் ஒன்று கூடுதல் சம்பளம் பேசி இழுத்துக்கொண்டது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குக் கை பழகவில்லை. கேப்டன் சவரியப்பனுக்கு நாற்பதைத் தொட்டுவிட்ட வயது, வலது முழங்காலில் நீர் கோத்திருந்தது. காரணம் கேட்டால் இதெல்லாம் சொல்லலாம். அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சவரியப்பனின் மனைவி இன்னாசியம்மாள். அவளும் அதே மில்லில்தான், கோன் வைண்டிங்கில் காலை ஷிப்ட். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட விடுகிற வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். சவரியப்பனுக்கும் மில் வேலைதான், ஆனால் அது ஆட்டத்துக்காகக் கொடுத்த வேலை. காலையில் அரை நாள் ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டும் பெல்ட்டும் எடுத்துக் கொடுப்பார். மத்தியானத்துக்கு மேல் கிரவுண்ட். டீமில் ஐந்து பேருக்கும் அப்படித்தான். பழைய முதலாளிக்குப் பூப்பந்து என்றால் உயிர். வெள்ளை வேட்டியோடு சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, மஞ்சள் கம்பளிப் பந்து வலைக்கு மேலே போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஆனையூரில் தோற்று வந்த அன்றைக்கு ஐந்து பேரும் நேரே வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசைக்காரன் வெங்கடேஷ்பாபு, மகால் பக்கத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, வாய் ஓயாதவன். அன்றைக்கு அவனே பேசவில்லை. சர்வீஸ் போடுகிற காளை சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டான். போன இடத்தில் சாப்பாடு போடவில்லையா என்று இன்னாசியம்மாள் கேட்டாள். சவரியப்பன் கேன்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, தோற்றவர்களுக்கெல்லாம் எந்த ஊரிலும் போட மாட்டார்கள் என்றார். மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள். வெயிலில் ஆட வைத்துவிட்டு ஒரு வாய் சோறு போடாத ஊர் என்ன ஊர் என்று வைதுகொண்டே அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வெளிச்சத்தில் பஸ் வந்து நிற்கும். ஜன்னலில் பார்ப்பாள். மட்டைகள் இறங்குவதைக் கண்டதும் உலை வைப்பாள். அரிசி கொதிக்கிற நேரத்தில் ஐந்து பேரும் கிணற்றடியில் கை கால் கழுவி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மீன் குழம்பு இருக்கும். வெங்கடேஷ்பாபு மீன் தொடமாட்டான். அவனுக்கென்று தனியாகக் கத்திரிக்காய் புளிக்குழம்பு. முதல் கவளம் இறங்கிய பிறகுதான் பேச்சு வரும். இரண்டாம் சோற்றுக்கு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள், ரசத்துக்கு வரும்போது சிரிப்பு வந்துவிடும்.

"எங்கள ஜெயிச்ச டீமு எல்லாமே பைனலுக்குப் போயிருது மதினி," என்பான் வெங்கடேஷ்பாபு. "எங்க கைராசி அப்படி. வேணும்னா போர்டு எழுதி மாட்டலாம்."

பன்னிரண்டாவது முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மகள் ஆன்மேரி, அப்பா டீம் பெயர் குலுக்கல் சீட்டில் வந்தால் எதிர் டீமுக்கு அன்றைக்கு அரை நாள் லீவு என்று சேர்த்துக்கொள்வாள். சவரியப்பன் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார். எழுந்து போகும்போது, மோர் இருக்கா என்று கேட்பார். மோர் கேட்டுவிட்டார் என்றால் அந்தத் தோல்வி அவருக்குள் செரித்துவிட்டது என்று இன்னாசியம்மாளுக்குத் தெரியும்.

வைகாசியில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

அழகர்கோயில் பக்கம் ஒரு ஊரில் ஆட்டம். போன தடவை சோறு வேகும் வரை காளை பசியில் கண் சொருகி உட்கார்ந்திருந்தது அவள் மனதில் கிடந்தது. பிள்ளைகள் காத்துக் கிடக்க வேண்டாம் என்று, காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் மீனை ஆய்ந்து குழம்பு கூட்டினாள். பஸ் வருகிற நேரம் நெருங்கியபோது சோற்றை வடித்து, வாழை இலைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுத் தண்ணீரும் தெளித்து வைத்தாள். அவர்கள் உள்ளே நுழைந்தபோது எல்லாம் தயாராக இருந்தது.

"அடேயப்பா, மதினிக்கு ரிசல்ட் முன்னாடியே வந்துருச்சு போலயே," என்றான் வெங்கடேஷ்பாபு. மற்றவர்கள் சிரித்தார்கள்.

சவரியப்பன் சிரிக்கவில்லை. நிலைப்படியில் நின்று இலைகளைப் பார்த்தார். தெளித்த தண்ணீர் பாதி காய்ந்து, இலைமேல் திட்டுத் திட்டாக இருந்தது.

"காலையிலயே தெரியுமோ ஒனக்கு?" என்றார்.

அவர் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வெள்ளைத்துரை கடைக்குப் போய்விட்டார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். ஒரு இலை அப்படியே கிடந்தது. அன்றைக்கு மோர் கேட்க ஆள் இல்லை.

அதன் பிறகு அவர் அவளிடம் பேசுவதை ஆன்மேரி வழியாக வைத்துக்கொண்டார். சட்டை இஸ்திரி போட்டாச்சா என்று உங்க அம்மாட்டக் கேளு. முழங்காலுக்குத் தடவுகிற தைலம் எங்கே என்று கேளு. ஆன்மேரி ஒரு நாள், நான் என்ன போஸ்ட் ஆபீசா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். பசித்த பிள்ளைகளுக்கு நேரத்தோடு ஆக்கி வைத்ததில் என்ன குற்றம் என்று இன்னாசியம்மாளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததால் அவளுக்கும் கோபம் இருந்தது. மில்லில் அறுந்த நூலை முடியும்போதெல்லாம் அந்தக் கோபத்தையும் சேர்த்து இழுத்து முடிந்தாள்.

அந்த வாரம் லேபர் ஆபீசர் நாகசுப்பிரமணியன் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். ஒரு காலத்தில் காலேஜ் டீமில் ஆடியவர். காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். முதலாளியின் மகன் டீமைக் கலைக்கச் சொல்லிவிட்டார். ஆடுகிறவர்கள் எல்லாரும் அடுத்த மாதம் முதல் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். சவரியப்பனுக்கு நூல் நூற்கிற ரிங் பிரேமில் நைட் ஷிப்ட். தான் கெஞ்சிப் பார்த்ததாகச் சொன்னார். டீம் இருக்க வேண்டுமென்றால் கப் வேண்டும் என்றாராம் முதலில் சின்னவர். பைனல் போதும் என்று இவர் பேசியிருக்கிறார். கடைசியில் ஒரே ஒரு ஆட்டம் என்று இறங்கி வந்திருக்கிறது. ஆனி பிறந்ததும் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போட்டி. அந்த சீசனின் கடைசிப் போட்டி.

"ஒரு மேட்ச் ஜெயிச்சுக் குடுங்க சவரி. மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றார்.

சவரியப்பன் தலையாட்டினார். வாசல் வரை போய் ஸ்கூட்டரைத் தள்ளி விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி முழங்காலில் தைலத்தை அவரே தேய்த்துக்கொண்டார். ரிங் பிரேம் எப்படியிருக்கும் என்று இன்னாசியம்மாளுக்குத் தெரியும். அந்தச் சூடும், மூக்கில் ஏறுகிற தூசியும், எட்டு மணி நேரம் உட்காராமல் நடக்கிற நடையும். அதைவிட, பந்தில்லாத அந்த மனிதர் சாயங்காலங்களை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்றுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

போட்டியன்று காலையில் ஐந்து பேரும் ஸ்டாப்பில் நின்றார்கள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சவரியப்பன் பார்த்தார். முன் படியில் ஏறி, ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் இன்னாசியம்மாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு ஆட்டத்துக்கும் வந்தவளில்லை.

"நீ எதுக்கு வார?" என்றார். பல நாளுக்குப் பிறகு நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"வீட்ல இருந்தா ஒல வைக்கத் தோணும். அதான் வாரேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் சீட்டில் வெங்கடேஷ்பாபு இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய பொட்டலில் களம். முந்தின நாளே தண்ணீர் விட்டு மண்ணை இறுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். காற்று ஏற்கனவே எழுந்திருந்தது. ஓரத்தில் புளியமரங்கள். அவற்றின் கீழே நீளமாகப் பள்ளம் பறித்துக் கோட்டையடுப்பு வெட்டி ஊர்ப் பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கறி ஒரு அண்டாவில் வெந்தது, சாம்பார் இன்னொன்றில். இன்னாசியம்மாளுக்கு ஆண்கள் கூட்டத்துக்குள் நிற்கக் கூச்சமாக இருந்தது. அடுப்புப் பக்கம் போய், வெங்காயம் உரிக்கிறவர்களோடு உட்கார்ந்தாள். சமையலுக்குப் பெரியவளாக இருந்தவள் மலையம்மாள். கையில் கரண்டியோடு எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். எந்த டீம் ஆள் என்று கேட்டாள். சொன்னதும், மத்தியானம் உங்க ஆட்களும் இங்கேதான் சாப்பிடணும் என்றாள்.

"தோத்தவுகளுக்குத்தான் போட மாட்டீகளே," என்றாள் இன்னாசியம்மாள். பல மாதமாக உள்ளே வைத்திருந்தது, கொஞ்சம் காரமாகவே வந்தது.

மலையம்மாள் கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாத்தினாள்.

"எவன் சொன்னது அப்பிடி? இந்தப் பக்கம் எந்த ஊர்ல வேணா கேட்டுப் பாரு. தோத்தவுகளுக்குத்தான் மொதப் பந்தி. அவுக பஸ்ஸப் பிடிச்சு ஊருக்குப் போகணும்ல. ஜெயிச்சவுக இருந்து ஆடட்டும், வயித்தக் கட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்." பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள் போலக் கேட்டாள். "ஒங்க மில்லு ஆளுகதானா மாசியில மேலூருக்கு வந்தது? எந் தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்கு. எலை போட்டு, தண்ணி தெளிச்சு, கூப்புடப் போனா ஆளக் காணோமாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சந்து வழியா போயிட்டாகளாம். அஞ்சு எலையும் அப்பிடியே கெடந்துச்சுன்னு சொல்லி வருத்தப்பட்டா."

இன்னாசியம்மாள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். கண் எரிந்தது.

ஒவ்வொரு ஊரிலும் இலை போட்டிருக்கிறார்கள். ஊர் பார்க்க, ஜெயித்தவர்கள் பார்க்க உட்கார்ந்து சாப்பிட முடியாமல் இவர் பின்பக்கமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பசியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு, அவள் வீடு வரை. அங்கே மட்டும்தான் அவர்களைத் தோற்றவர்களாக யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அடுப்பு எரியும். அவர்கள் வந்து நின்ற பிறகுதான் அரிசி களைகிற சத்தம் கேட்கும். அந்த ஒரு இடத்திலும் அவள் முன்கூட்டியே இலை போட்டு வைத்துவிட்டாள்.

விசில் ஊதினார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கோட்டின் ஓரத்துக்கு வந்து நின்றாள்.

எதிரே சிவகங்கைப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள். மூன்று செட்டில் முதல் செட்டை அவர்கள் சுலபமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதில் காளைக்கு சர்வீஸ் அமைந்தது. பந்து வலையை உரசினாற்போலப் போய் எதிராளியின் காலடியில் செத்து விழுந்தது. வெங்கடேஷ்பாபு வலையோரம் குரங்குபோலத் தாவினான். பின்னால் நின்ற சவரியப்பன் ஓடவில்லை. பந்து எங்கே வரும் என்று முன்னமே போய் நின்றுகொண்டார். வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுகிற மனிதர் இவர்தானா என்று இன்னாசியம்மாள் பார்த்தாள். இரண்டாவது செட்டை ஜெயித்தபோது புளியமரத்தடியிலிருந்துகூடக் கைதட்டல் வந்தது.

மூன்றாவது செட்டில் இரண்டு பக்கமும் சமமாக ஏறிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு புள்ளி முந்தினால் முடிந்தது என்ற நிலைக்குக் கல்லூரி டீம் வந்தது. காற்று அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. ஒரு பையன் பந்தை உயரத் தூக்கிப் பின்னால் அடித்தான். காளை மட்டையை ஓங்கிக்கொண்டு பின்னுக்குப் போனான். இத்தனை வருடம் காற்றைப் பார்த்த கண்ணால் சவரியப்பன் அண்ணாந்து பார்த்தார்.

"விட்ரு காளை," என்றார். "வெளிய போகுது."

காளை மட்டையை இறக்கினான். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. புளியமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. பந்து மேலேயே யோசித்துவிட்டு, நேராக இறங்கிக் கோட்டில் விழுந்து உருண்டது.

பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். சவரியப்பன் குனிந்து பந்தை எடுத்தார். மஞ்சள் கம்பளியில் ஒரு பக்கம் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர் டீம் கேப்டனின் கையைக் குலுக்கினார். பிறகு மட்டையை உறையில் போட்டார். காளை அழுகிற மாதிரி நின்றான். அவன் பிடரியில் கையை வைத்து, தப்பு தன்னுடையது என்றார். ஐந்து பேரும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கச் சுவரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள்.

சுவர் திரும்புகிற இடத்தில் இன்னாசியம்மாள் நின்றாள். அவள் அவரைப் பார்த்தாள். அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"பஸ் போயிரும்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"போகட்டும்."

"என்னால முடியாது புள்ள. அம்புட்டுப் பேரும் பாப்பாக."

"பாக்கட்டும். அந்தம்மா போட வந்த எலைய நாந்தான் தடுத்து வச்சேன். ஆட்டம் முடிஞ்சு நீங்க பந்தக் குடுத்தீகள்ல, அதுக்கப்பறந்தான் ஓடிப் போயிப் போட்டேன்." அவள் மரத்தடியைக் கை காட்டினாள். "தோத்தப்பறந்தான் எலை போட்டிருக்கேன். வாங்க."

சவரியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை ஏற்கனவே காய்ந்திருந்தது. வெங்கடேஷ்பாபுதான் முதலில் திரும்பினான். சாம்பார் வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து தன்னை இழுக்கும், அதற்குப் பேசாமல் இங்கேயே சாப்பிட்டுவிடலாம் என்றான். காளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

புளியமரத்தடியில் ஐந்து இலைகள் கிடந்தன. தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. ஐந்து பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். சவரியப்பனுக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மலையம்மாள் சோற்றுக் கூடையோடு வந்தாள். இவர்களுக்குத் தானே பரிமாறுவதாகச் சொல்லி இன்னாசியம்மாள் கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மலையம்மாள் விட்டுக்கொடுத்துவிட்டு, மேலூர்த் தங்கச்சிக்கு இன்றைக்கே ஆள் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனாள்.

கூட்டம் பார்க்கத்தான் செய்தது. கல்லூரிப் பையன்கள் அடுத்த ஆட்டத்துக்கு மட்டையைத் தட்டிக்கொண்டே இலைகளை ஏக்கமாகப் பார்த்தார்கள். சவரியப்பன் முதல் கவளத்தை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார். இரண்டாம் சோற்றுக்கு அவரே இலையைக் காட்டினார். அந்தக் கடைசிப் பந்தைப் பற்றிக் காளை ஏதோ கேட்டான். காற்றை எப்படிப் பார்த்தேன் என்று சோற்றின் மேல் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். ரசம் ஊற்றும்போது இன்னாசியம்மாள் காத்திருந்தாள்.

"மோர் இருக்கா?" என்று கேட்டார்.

வெளிச்சத்தில் போகிற பஸ் போய்விட்டது. அவர்கள் மரத்தடியில் இருந்து மற்ற ஆட்டங்களையும் பார்த்தார்கள். கல்லூரிப் பையன்கள் பைனலுக்குப் போனார்கள். கைராசி இன்னும் இருக்கிறது என்றான் வெங்கடேஷ்பாபு. திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. மேலூர் தாண்டியபோது வெளியே எதுவும் தெரியாத இருட்டு. ரிங் பிரேமில் சூடு எம்புட்டு இருக்கும் என்று சவரியப்பன் மெதுவாகக் கேட்டார். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மொத வாரம் கால் வீங்கும், உப்புத் தண்ணீரில் வைத்தால் சரியாகிவிடும் என்றாள். நூல் முடிச்சுப் போடுவதை ஷிப்ட் தொடங்குவதற்குள் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டு, தன் காய்த்துப்போன விரல்களை விரித்துப் பார்த்தார். அவள் அந்தக் கையைத் தன் ஒயர்கூடையின் மேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒத்தக்கடையில் இறங்கும்போது வெள்ளைத்துரை கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த வருடம் முழுக்க அவர்களை வெளிச்சத்திலேயே பார்த்துப் பழகியவன், ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"என்னண்ணே, இருட்டி வந்திருக்கீக. ஜெயிச்சாச்சா?"

சவரியப்பன் மட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

"இல்ல மாப்ள," என்றார். "சாப்ட்டு வாரோம்."